முதலில் வந்து சேர்ந்தவை

1916-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஒன்றுமில்லாத நிலத்தில் செடிகள் எப்படிக் குடியேறுகின்றன, அவை எப்படி மாறி மாறி வந்து கடைசியில் நிலையான காடாகின்றன என்பதை அந்த நூல் விளக்கியது. ஓரிடத்தின் தாவரக் கூட்டம் மொத்தமாகவே ஓர் உயிரி, அது பிறந்து வளர்ந்து முதிர்கிறது என்பது அவருடைய கொள்கை. அதே ஆண்டில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்கின்னர் கூப்பர், அலாஸ்காவின் தென்கிழக்கில் உள்ள கிளேசியர் பே விரிகுடாவுக்குப் போனார். பனியாறு பின்வாங்கிய சரளைத் தரையில், ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட ஒன்பது சதுரங்களைக் குறித்து, எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பதிவு செய்தார். கிளெமென்ட்ஸின் நூல் சீக்கிரமே பாடமாகிவிட்டது. கூப்பரின் சதுரங்கள் என்ன சொல்கின்றன என்று தெளிவாகத் தெரிய நூறு ஆண்டுகள் பிடித்தன. தெரிந்தபோது, பாடத்தில் இருந்த கதையோடு அது ஒத்துப்போகவில்லை.

கூப்பர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. 1794-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் கப்பற்குழு அந்தக் கடற்கரையை அளந்தபோது விரிகுடா என்று சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை. கரையில் ஒரு சிறிய உள்வளைவும் அதை அடைத்து நின்ற பனிச்சுவரும் மட்டுமே இருந்தன. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் ட்லிங்கிட் வழிகாட்டிகளோடு படகில் வந்தபோது பனி 50 கிலோமீட்டருக்கும் மேலாக உள்ளே போயிருந்தது. கூப்பர் வந்த காலத்தில் அது வாயிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி நின்றது. இவ்வளவு வேகமாகவும், இவ்வளவு எழுத்துப் பதிவோடும் பனி விலகிய இடம் உலகில் அரிது. எந்தக் கரை எந்த ஆண்டு வெளிப்பட்டது என்று ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும். விரிகுடாவின் வாயிலிருந்து உள்நோக்கிப் படகு விட்டால் முதிர்ந்த காட்டிலிருந்து தொடங்கி, புதர்க்காட்டைக் கடந்து, பசும்படலம் படர்ந்த சரளையைத் தாண்டி, கடைசியில் வெறும் கல்லுக்கு வந்து சேரலாம்.

இதையெல்லாம் வெற்று நிலம் என்று எழுதுவது தாவரங்களைப் பொறுத்தவரை சரி. மனிதர்களைப் பொறுத்தவரை அப்படியல்ல. பனி முன்னேறி வருவதற்கு முன்பு அந்தப் பள்ளத்தாக்கில் ஹூனா ட்லிங்கிட் மக்கள் வாழ்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு வளர்ந்து வந்து அவர்களை விரட்டியதை அவர்களின் வாய்மொழி வரலாறு இன்றும் சொல்கிறது. பனி விலகியதும் சீல் வேட்டைக்கும் கடற்காக முட்டை சேகரிக்கவும் அவர்கள் திரும்பி வந்தார்கள். கூப்பரும் அமெரிக்கச் சூழலியல் கழகமும் வலியுறுத்தியதால் 1925-இல் அந்த இடம் தேசிய நினைவகமாக அறிவிக்கப்பட்டது. அறிவியலுக்கு அது பெரும் வரம். ஆனால் அந்தப் பாதுகாப்புச் சட்டங்களே பிறகு ஹூனா மக்களின் பழைய உரிமைகளைப் பறித்தன. முட்டை சேகரிக்கும் உரிமையைத் திருப்பித் தரும் சட்டம் 2014-இல்தான் வந்தது. இந்தச் சதுரங்களின் வரலாற்றைப் பேசும் யாரும் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

பனி விட்டுச்செல்லும் தரையில் ஒரு விதைக்கு நேரும் பாடுகளை விரிவாகப் பார்க்க வேண்டும். பனியாறு பாறையை அரைத்துக்கொண்டே நகரும். அது பின்வாங்கும்போது யானையளவு கற்பாறைகள் முதல் மாவு போன்ற தூள் வரை எல்லாவற்றையும் கலந்து கொட்டிவிட்டுப் போகிறது. அந்தக் கலவையில் சுண்ணாம்புச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் கனிமங்களாக அடைபட்டுக் கிடக்கின்றன. இல்லாதது தழைச்சத்துதான். பாறையில் நைட்ரஜன் ஏறக்குறைய கிடையாது. காற்றில் தாராளமாக இருந்தாலும் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. உணவு இருந்தும் ஒரு சத்து இல்லாததால் எல்லாம் முடங்கிப்போகிற நிலம் இது.

பயிர்க்காலமும் குறுகியது. வட துருவத்தை நெருங்க நெருங்க அது சில வாரங்களாகச் சுருங்கிவிடும். பனியாற்றின் மேலிருந்து இறங்கும் கனத்த குளிர்காற்று மணலை வாரி இளந்தண்டுகளின் மேல் அடிக்கும். இவற்றையெல்லாம் விடக் கொடியது உறைபனியின் வேலை. இலையுதிர்காலத்திலும் இளவேனிலிலும் இரவு உறைந்து பகலில் உருகும் நாட்களில், ஈரமான நுண்மண்ணுக்குள் பனி ஊசிகள் எழுந்து மேல்மண்ணைத் தூக்கும். அதோடு நாற்றும் தூக்கப்படும். வேர் அறுந்துபோகும், அல்லது வெளியே இழுபடும். காலையில் பனி உருகி மண் கீழே அமரும்போது நாற்று வேர் தெரியக் கிடக்கும். குளிரில் சாகும் நாற்றுகளோடு, இப்படிப் பிடுங்கப்பட்டுச் சாகும் நாற்றுகளும் உண்டு.

அதனால் நுண்ணிய, மெத்தென்ற, நம் கண்ணுக்கு வளமாகத் தெரிகிற மண் இங்கே விதைக்கு எதிரி. கரடுமுரடான சரளைதான் நண்பன். சரளையில் நீர் தேங்காததால் உறைபனி அவ்வளவாகத் தூக்குவதில்லை. கற்களின் இடுக்கில் விதை மாட்டிக்கொள்ளும், காற்று அதை மேலும் அடித்துச்செல்லாது. கல் வெயிலை வாங்கி இரவில் கொஞ்சம் வெப்பம் தரும், ஆவியாதலையும் தடுக்கும். வாஷிங்டன் மாநிலத்தின் லைமன் பனியாற்று முகப்பில் ஆரி ஜும்போனன் குழுவினர் செய்த ஆய்வில், குடியேறிய செடிகள் சிதறிக் கிடந்ததுபோல் தோன்றினாலும் தற்செயலான இடங்களில் இல்லை. கரடான பரப்பு, சற்றே குழிந்த தரை, பெரிய கல்லின் அருகாமை என்று இருந்த இடங்களையே அவை பிடித்திருந்தன. ஒரே பனியாற்று முகப்பில் ஒரு விதை பிழைப்பதும் பக்கத்து விதை மடிவதும் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில் தீர்மானமாகிறது. முதலில் காலூன்றும் செடிகள் தரையோடு தரையாகப் பதிந்து நிற்பதற்கும் இதுவே காரணம். வடதுருவப் பகுதித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் பனி விலகிய நிலங்களின் முன்னோடியான ஊதா சாக்ஸிஃப்ரேஜ் என்ற செடி விரல் உயரம் கூட எழும்புவதில்லை. தரையையொட்டிய மெல்லிய காற்றடுக்கு மேலே உள்ள காற்றைவிட வெதுவெதுப்பானது. உயர்ந்து வளர்கிற செடி அந்த வெதுவெதுப்பை இழந்துவிடும்.

வெறும் கல்லுக்கு முதலில் வருபவை லைக்கன்களும் பாசிகளும் என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. அவற்றுக்கும் முன்னால் வருபவை உண்டு. பெருவின் ஆண்டிஸ் மலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள புகா பனியாற்றின் விளிம்பில் ஸ்டீவன் ஷ்மிட் குழுவினர் ஆராய்ந்தார்கள். செடியோ பாசியோ கண்ணுக்குத் தெரியாத, பனி விலகிச் சில ஆண்டுகளே ஆன மண்ணில் சயனோபாக்டீரியாக்கள் பெருகி, காற்று நைட்ரஜனை மண்ணில் சேர்க்கத் தொடங்கியிருந்தன. அவற்றின் பிசுபிசுப்பு மணல்துகள்களைப் பிணைத்து மண்ணைச் சற்று உறுதியாக்குகிறது.

அடுத்த செய்தி இன்னும் வியப்பானது. ஸ்வால்பார்டின் மிட்ரே லோவென் பனியாற்று முகப்பில் இயான் ஹாட்கின்சனும் சகாக்களும் பார்த்தபோது, செடிகளுக்கு முன்பே சிலந்திகள் வந்திருந்தன. புல் இல்லாத இடத்தில் புல் மேயும் பூச்சி இருக்காது, அதைத் தின்னும் சிலந்தியும் இருக்காது என்பதுதான் நாம் படித்த வரிசை. ஆனால் காற்று சின்னஞ்சிறு பூச்சிகளைத் தொலைவிலிருந்து சுமந்து வந்து இந்தக் கல்வெளியில் ஓயாமல் கொட்டுகிறது. சிலந்தி அவற்றைத் தின்று வாழ்கிறது. அதன் எச்சங்களும் செத்த பூச்சிகளின் உடல்களும் மண்ணில் முதல் தழைச்சத்தாகச் சேர்கின்றன. நார்வேயில் ஹார்டாங்கர் பனிமேட்டின் விளிம்பில் சிக்முண்ட் ஹோக்வர் இன்னொன்றைக் கண்டார். அங்கே ஓடித்திரிந்த வண்டுகளின் உடலில் இருந்த கரிமத்தை ரேடியோகார்பன் முறையில் அளந்தபோது அதன் வயது நூற்றுக்கணக்கான ஆண்டுகள் என்று தெரிந்தது. பனியில் அடைபட்டிருந்த பழைய கரிமம் உருகி வெளிப்பட்டு, நுண்ணுயிர்களின் வழியாகப் பூச்சிகளுக்கும் பூச்சிகளின் வழியாக வண்டுகளுக்கும் போயிருந்தது. ஒரு செடி முளைப்பதற்கு முன்பே அங்கே ஓர் உணவுச் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கிறது. வெற்று நிலம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் நாம் போதுமான அளவு குனிந்து பார்க்காத நிலம்தான்.

மீண்டும் கிளேசியர் பேக்கு வருவோம். பாடநூல்களில் இடம்பிடித்த அந்த விரிகுடாவின் கதை இப்படிப் போகும். முதலில் பாசிகளும் ஹார்ஸ்டெயிலும் ஃபயர்வீடும். பிறகு ட்ரையாஸ் என்ற படர்செடி பாய்போல் விரியும். அதன் விதையில் நீண்ட இறகுபோன்ற வால் இருப்பதால் காற்றில் வெகுதூரம் பறக்கும். அதன் பின் வில்லோ, ஆல்டர் புதர்கள் மூடிக்கொள்ளும். ஆல்டர் மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும். அந்த வளத்தில் சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் எழுந்து, நிழல் போட்டு ஆல்டரைக் கொன்றுவிடும். கடைசியில் ஹெம்லாக் சேர்ந்து காடு முதிரும். ஒவ்வொரு கட்டமும் அடுத்ததற்குத் தரையைத் தயார் செய்துவிட்டு விலகிக்கொள்ளும்.

இந்தக் கதைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ட்ரையாஸும் ஆல்டரும் தம் வேர்முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியாவைக் குடிவைத்திருக்கின்றன. அதுதான் காற்று நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. தமிழகக் கடற்கரையின் சவுக்குத் தோப்புகள் வெறும் மணலில் தழைத்து நிற்பதும் இதே ஃபிராங்கியா பேரினத்தின் துணையால்தான். அலாஸ்காவின் பனிச்சரளையிலும் சோழமண்டலக் கரையின் உப்புமணலிலும் தழைச்சத்துப் பஞ்சத்துக்குத் தாவரங்கள் கண்ட தீர்வு ஒன்றாக இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. 1955-இல் ராபர்ட் கிராக்கரும் ஜாக் மேஜரும் கிளேசியர் பே மண்ணை அளந்து, ஆல்டர் புதருக்கு அடியில் மண்ணின் காரத்தன்மை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டினார்கள். பி.எச். 8 அளவில் இருந்த மண், 30 முதல் 50 ஆண்டுகளுக்குள் 5 அளவுக்கு இறங்கி அமிலமாகியிருந்தது. கூடவே நைட்ரஜனும் குவிந்திருந்தது. கூப்பரின் பணியைப் பிறகு ஏற்றுக்கொண்ட டொனால்ட் லாரன்ஸ் இந்தத் தழைச்சத்து வேலையைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்.

சிக்கல் அளவீடுகளில் இல்லை, அவற்றை வாசித்த முறையில் இருந்தது. 200 ஆண்டு வயதுள்ள கரையில் ஸ்ப்ரூஸ் காடும், 60 ஆண்டு வயதுள்ள கரையில் ஆல்டர் புதரும் நிற்கின்றன. இதைப் பார்த்து, இன்றைய காடும் ஒரு காலத்தில் இந்தப் புதர்க்கரையைப் போலத்தான் இருந்திருக்கும் என்று முடிவு கட்டினார்கள். இடத்தைக் காலமாக வாசிக்கும் முறை இது. மனித ஆயுளில் 200 ஆண்டுகளைக் காத்திருந்து பார்க்க முடியாது என்பதால் வேறு வழியும் இல்லை. ஆனால் எல்லாக் கரைகளும் ஒரே வழியில் நடந்து வந்தவை என்பது அங்கே யாரும் சோதிக்காத அனுமானமாகவே இருந்தது.

கிறிஸ் ஃபாஸ்டி அதைச் சோதித்தார். வெவ்வேறு வயதுள்ள பத்து இடங்களில் மரங்களைத் துளைத்து வளையங்களை எண்ணி, ஒவ்வொரு மரமும் எப்போது வந்தது, இளமையில் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று கணக்கெடுத்து 1995-இல் வெளியிட்டார். விரிகுடாவின் வரலாறு ஒன்றல்ல, குறைந்தது மூன்று என்று தெரிந்தது. 1840-க்கு முன்பே பனி விலகிய பழைய இடங்களில் ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் ஆரம்பத்திலேயே வந்து சேர்ந்திருந்தன. அவை ஆல்டருக்காகக் காத்திருக்கவில்லை. 1840-க்குப் பின் வெளிப்பட்ட இடங்களில்தான் ஆல்டர் அடர்ந்து நெடுங்காலம் நின்றது. இன்னும் இளைய இடங்கள் பலவற்றில் பிளாக் காட்டன்வுட் மரம் முன்னே வந்திருந்தது. இன்றைய ஆல்டர் கரை இன்றைய ஸ்ப்ரூஸ் காட்டின் குழந்தைப்பருவம் அல்ல. இரண்டும் வெவ்வேறு வாழ்க்கைகள்.

எது வழியைப் பிரித்தது? ஃபாஸ்டியின் விடை எளிமையானது. பனி விலகியபோது அந்த இடத்துக்கும் அருகிலிருந்த விதை தரும் ஸ்ப்ரூஸ் மரத்துக்கும் இடையில் இருந்த தொலைவே, தொடக்கத்தில் எவ்வளவு ஸ்ப்ரூஸ் வந்தது என்பதில் இருந்த வேறுபாட்டில் பாதிக்கும் மேலானதை விளக்கியது. பனி வேகமாகப் பின்வாங்கியதால் உள்பகுதிகள் காட்டிலிருந்து வெகுதூரம் விலகிப்போயின. எடை குறைந்த விதையுள்ள ஆல்டர் அங்கே முந்திக்கொண்டது. மண்ணின் தயார்நிலையைவிட விதையின் தூரம் பெரிதாக இருந்தது.

இதற்கு ஓராண்டு முன், 1994-இல், ஸ்டூவர்ட் சாபினும் லாரன்ஸ் வாக்கரும் ஃபாஸ்டி உள்ளிட்ட சகாக்களும் ஆல்டருக்கும் ஸ்ப்ரூஸுக்கும் இடையிலான உறவை நேரடியாகச் சோதித்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விதைகளையும் நாற்றுகளையும் வைத்துப் பார்த்தார்கள். ஆல்டர் தரும் தழைச்சத்து ஸ்ப்ரூஸுக்கு உதவுகிறது, அது உண்மை. அதே ஆல்டர் நிழலாலும் வேர்ப்போட்டியாலும் உதிர்ந்த இலைக்குவியலாலும் ஸ்ப்ரூஸை அடக்கவும் செய்கிறது. ஒரே செடி ஒரே நேரத்தில் கொடுக்கவும் தடுக்கவும் செய்கிறது. எது மேலோங்கும் என்பது இடத்தையும் வருடத்தையும் பொறுத்தது. அடுத்தவருக்காக வழிவிட்டுப் போகும் தியாகிகளாகச் செடிகளைச் சித்திரித்த கதை அழகானது. அந்த அழகுதான் அதை இவ்வளவு காலம் கேள்விக்கு அப்பால் வைத்திருந்தது என்று தோன்றுகிறது.

இனி கூப்பரின் சதுரங்கள். அவர் 1921, 1929, 1935 ஆண்டுகளில் திரும்பி வந்து பதிவு செய்தார். பிறகு டொனால்ட் லாரன்ஸ் ஏற்றுக்கொண்டார். அதன்பின் பல ஆண்டுகள் அவை கவனிப்பாரற்றுப் புதர்களுக்குள் மறைந்தன. 2016-இல், சரியாக நூறாவது ஆண்டில், பிரையன் பூமா தலைமையிலான குழு பழைய குறிப்புகளையும் நிழற்படங்களையும் வைத்துக்கொண்டு அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தது. 1940-களுக்கும் 1980-களுக்கும் இடைப்பட்ட காலத்தின் பதிவுகளும் கிடைத்ததால் ஒரே இடத்தின் நூறாண்டுக் கதை கிட்டத்தட்ட முழுமையாகச் சேர்ந்தது. இடத்தைக் காலமாக வாசிக்க வேண்டிய தேவை இல்லாமல், காலத்தையே காலமாக வாசிக்க முடிந்தது.

2019-இல் வெளியான முடிவு இது: பெரும்பாலான இனங்கள் பனி விலகிய கொஞ்ச காலத்திலேயே வந்துவிட்டன. வந்தவை 50 ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நிலைத்து நிற்கின்றன. எந்தச் சதுரத்தில் எது முதலில் வந்தது என்பது பெரிதும் தற்செயல். முதலில் பிடித்தது பின்னால் வருவதை உள்ளே விடவில்லை. எதிர்பார்த்த வரிசை எதுவும் தென்படவில்லை. ஒன்பது சதுரங்களை வைத்துக்கொண்டு உலகம் முழுவதற்கும் விதி வகுக்க முடியாது, நூறு ஆண்டும் ஒரு காட்டுக்குக் குறைந்த காலமே. ஆனால் பாடத்தின் வரிசை எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த மண்ணிலேயே அது நிற்கவில்லை என்பது சிறிய செய்தி அல்ல. கூப்பரே இதை ஓரளவு உணர்ந்திருந்தார். 1926-இல் எழுதிய கட்டுரையில் அவர் தாவர மாற்றத்தைப் பல கால்களாகப் பிரிந்தும் கூடியும் ஓடும் ஆற்றுக்கு ஒப்பிட்டார். அதே ஆண்டில் ஹென்றி கிளீசன், தாவரக் கூட்டம் ஓர் உயிரி அல்ல, ஒவ்வொரு இனமும் தன் போக்கில் வந்து சேர்ந்ததன் விளைவே என்று வாதிட்டார். கிளீசனைப் பல ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை.

தற்செயலுக்கு இவ்வளவு இடம் உண்டு என்றால், வருவது எது என்பதைத் தீர்மானிப்பது என்ன? இதற்கு ஐஸ்லாந்தின் தெற்கே உள்ள சுர்ட்சே தீவு நல்ல சான்று. 1963 நவம்பரில் கடலடி எரிமலையாக வெடித்து எழுந்து, 1967 ஜூன் வரை குமுறி உருவான தீவு அது. ஆய்வாளர்களைத் தவிர யாரும் கால்வைக்க அனுமதி இல்லை. 1965-இல் கடல் கொண்டுவந்த விதையிலிருந்து சீராக்கெட் என்ற கரையோரச் செடி முளைத்தது. அதை எரிமலைச் சாம்பல் மூடிவிட்டது. முதல் இருபது ஆண்டுகளில் இருபது தாவர இனங்கள் கண்ணில் பட்டன, பத்துதான் நிலைத்தன. 1980-களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடுகட்டத் தொடங்கியதும் எல்லாம் மாறியது. அவற்றின் எச்சம் தழைச்சத்தாகக் கொட்டியது. அவற்றின் காலிலும் இரைப்பையிலும் விதைகள் வந்தன. அவை கூடுகட்டிய பகுதி பச்சைப்பசேல் என்று ஆனது. 2008-க்குள் 69 இனங்கள் பதிவாகி, 30 அளவில் நிலைபெற்றிருந்தன. கிளேசியர் பேயில் ஆல்டர் செய்த வேலையை இங்கே பறவை செய்தது.

தொலைவு ஒரு தடையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, கடக்க முடியாத தடை என்றும் சொல்லிவிட முடியாது. இங்கர் கிரேவே ஆல்சோஸும் சகாக்களும் ஸ்வால்பார்டின் ஒன்பது தாவர இனங்களை எடுத்துக்கொண்டு, வடதுருவப் பகுதி முழுவதிலிருந்தும் சேகரித்த 4,439 செடிகளின் மரபணுத் தடயங்களை ஒப்பிட்டு 2007-இல் எழுதினார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தாண்டி, பல திசைகளிலிருந்து, பல முறை அந்த இனங்கள் தீவுக்கூட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. காற்று, மிதக்கும் கடற்பனி, அதோடு வரும் மரக்கட்டைகள், பறவைகள் ஆகியவை ஏற்றி வந்திருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் விதைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, வந்த விதை பிழைப்பதுதான் அரிது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பக்கத்து மரத்தின் தூரமே தலைவிதி. ஃபாஸ்டியும் ஆல்சோஸும் முரண்படவில்லை. அவர்கள் அளந்த கால அளவுகள் வேறு.

இதெல்லாம் இப்போது ஏன் அவசரம் என்றால், பனி விலகும் நிலத்தின் பரப்பு வேகமாகக் கூடிக்கொண்டிருக்கிறது. அண்டார்டிக் தீபகற்பத்தில் பாசிகள் முதலான தாவரங்கள் மூடிய பரப்பு 1986-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2021-இல் அது ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர். அந்தக் கண்டத்துக்குச் சொந்தமான பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு: ஹேர்கிராஸ் என்ற ஒரு புல், பேர்ல்வர்ட் என்ற ஒரு மெத்தைச்செடி. புதிதாக வெளிப்படும் நிலத்தில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களே நெடுங்காலம் இருப்பார்கள் என்று கூப்பரின் சதுரங்கள் சொல்வது அங்கேயும் பொருந்துமானால், பயணிகளின் காலணியிலும் பையின் மடிப்பிலும் ஒட்டிவரும் விதை சின்ன விஷயம் அல்ல. 2007–2008 கோடையில் மட்டும் சுற்றுலாப் பயணிகளும் ஆய்வாளர்களும் சுமார் 70 ஆயிரம் விதைகளை அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோனதாக ஸ்டீவன் சௌன் தலைமையிலான குழு கணக்கிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை முளைக்காது. ஆனால் அதற்கு முன்பே இப்படி வந்த ஒன்று முளைத்துவிட்டது. கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டின் ஆர்க்டோவ்ஸ்கி ஆய்வு நிலையத்தருகே 1980-களின் நடுவில் போவா அன்னுவா என்ற சாதாரண வயல்புல் காணப்பட்டது. கட்டடங்களைச் சுற்றி வளர்ந்த அது பிறகு பனியாறு கொட்டிவிட்டுப் போன மொரெய்ன் மேட்டுக்கும் பரவியது. ஆய்வாளர்கள் அதைக் கொத்துக்கொத்தாகத் தோண்டி எடுக்கிறார்கள். மண்ணுக்குள் உயிரோடு தங்கிவிட்ட விதைகள் இருப்பதால், மேலே தெரியும் புல் முழுவதையும் எடுத்த பிறகும் அந்த இடத்தை ஆண்டுதோறும் திரும்பி வந்து பார்க்க வேண்டியிருக்கும்.